ஆஸ்பத்திரிக்கு மட்டும் பெங்களூரு போறவங்களுக்கு: வீல்சேர்ல, நுழைவு டிக்கெட் இல்லாம, ஒரு நாள் ஊர் சுத்துற வழி

பெங்களூருக்கு எத்தன தடவ போயிருக்கன்னு கேட்டா எனக்கு கணக்கே தெரியாதுங்க, மா மரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டு போன நாள்ல இருந்து ரெவ்யூ ரெவ்யூன்னு போயிட்டே இருக்கேன். ஆனா பெங்களூர்ல என்ன பாத்தன்னு கேட்டா ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டே பாத்த சீலிங், ஓ.பி. வரிசை, மருந்து கவுண்டர், அப்புறம் திரும்பி வர்றப்ப ஓசூர் ரோட்டு டிராஃபிக், அவ்ளோதான். லால்பாக் காம்பவுண்டு சுவரு மட்டும் வண்டில இருந்து பல தடவ பாத்துருக்கேன். ஊர் சுத்த கெளம்புற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு, தர்மபுரின்னு நம்ம பக்கத்துல வீல்சேர்ல இருக்குற பல பேருக்கு இதே கததான். பெங்களூரு நமக்கு ஆஸ்பத்திரி ஊரு. ஊரு சுத்துறதெல்லாம் நடக்கிறவங்க வேலைன்னு வீட்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, நம்மளும் சரின்னு விட்டுட்டோம். அதனால மொத தடவ கெளம்புறவங்களுக்காக, நான் பட்ட அவஸ்தைய எல்லாம் சேத்து எழுதுறேன். பெருசா ஒண்ணும் இல்ல, அடுத்த ரெவ்யூ போறப்ப ஒரு அரை நாளோ, தனியா ஒரு நாளோ ஒதுக்குங்க. நம்மளுக்கு பாக்குறதுக்கு காசு வேணாம். போக்குவரத்துக்கும் டீக்கும் ஆகும், அத நான் இலவசம்னு சொல்லி ஏமாத்த மாட்டேன்.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். ஒரு நாளைக்கு ரெண்டு இடம். ரெண்டே ரெண்டு. நடக்கிறவங்க ஏழு இடம் பாக்குற நேரத்துல நம்மளுக்கு ரெண்டுதான் முடியும், ஏன்னா நம்ம நேரம் போறது இடத்துல இல்ல, இடத்துக்கும் இடத்துக்கும் நடுவுல: லிஃப்ட் தேடுறது, ஏத்தி எறக்குறது, பாத்ரூம். நான் மொத தடவ அஞ்சு இடம் எழுதிட்டுப் போயி, ஒண்ணு கூட ஒழுங்கா பாக்காம, பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன்.

மொதல்ல பேப்பரு

யூடிஐடி கார்டு (மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லன்னா அத மொதல்ல எடுங்க. பழைய மாற்றுத்திறனாளி அட்டை, அந்த சின்ன புக்கு மாதிரி இருக்குமே, அது நம்ம மாநிலத்துக்கு சரி, ஆனா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் தமிழ்ல எழுதுனத யாரு படிப்பாங்க. யூடிஐடி நாடு முழுக்க ஒரே மாதிரி கார்டு. ஸ்வாவ்லம்பன் வெப்சைட்ல ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம், இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கன்னு கேளுங்க, திங்கக்கிழம குறை தீர்க்கும் நாள்ல போனீங்கன்னா கூட்டம் ஜாஸ்தி, வேற நாள் போங்க. கார்டுல ஒரு கலர் கோடு இருக்கும், 40 சதவீதத்துக்கு கீழன்னா வெள்ள, 40லருந்து 80க்குள்ளன்னா மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும்னா நீலம். சலுகை பெரும்பாலும் 40 சதவீதத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். ஒரிஜினல பைல வச்சுக்கிட்டு ரெண்டு ஜெராக்ஸும் போன்ல ஒரு போட்டோவும் வச்சுக்கங்க. லேமினேஷன் போட்டு கழுத்துல மாட்டுங்கன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அது புடிக்கல, மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்கு.

ரயில்ல போறதா இருந்தா ரயில்வேக்குன்னு தனி கார்டு இருக்கு, யூடிஐடி மட்டும் காட்டுனா டிக்கெட்ல சலுகை வராது. கவர்மென்ட் டாக்டர்கிட்ட ரயில்வே பாரத்துல சர்ட்டிபிகேட் வாங்கி, ஆன்லைன்ல திவ்யாங்ஜன் கார்டுக்கு அப்ளை பண்ணணும். கூட ஆள் இல்லாம போக முடியாதவங்கன்னு டாக்டர் எழுதுனா, செகண்ட் கிளாஸ், ஸ்லீப்பர், ஏசி சேர் கார், மூணாவது ஏசி இதுல எல்லாம் டிக்கெட்ல 75 சதவீதம் கழிவு, கூட வர்ற ஒருத்தருக்கும் அதே கழிவு. அப்ளிகேஷன் போடறப்ப ஒரு சின்ன கொழப்பம் வரும், தர்மபுரியும் ஓசூரும் தமிழ்நாட்டுல இருந்தாலும் ரயில்வே கணக்குல தென்மேற்கு ரயில்வே, பெங்களூரு கோட்டம். சேலம் கோட்டம்னு போட்டுட்டு மாசக்கணக்குல காத்திருந்தவங்கள எனக்குத் தெரியும்.

சேர அளந்துக்கங்க

இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஒரு இஞ்ச் டேப் எடுத்து, சக்கரத்துக்கு வெளிய கையால தள்ளுற ரிம் இருக்கு பாருங்க, அந்த ரிம்மோட வெளி ஓரத்துல இருந்து அந்தப் பக்க ரிம்மோட வெளி ஓரம் வரைக்கும் அளங்க. என்னோடது 64 சென்டிமீட்டர். மடக்குனா எவ்ளோ, மடக்கி ஆட்டோல சீட்டுக்கு முன்னாடி நிக்குமா, காலு வைக்கிற ப்ளேட்டு கழட்ட வருமான்னும் பாத்துக்கங்க. 90 சென்டிமீட்டர் கதவுன்னா ராஜா மாதிரி போலாம், 75ன்னா கை முட்டி ஒரசும், அதுக்குக் கீழன்னா வேற வழி கேளுங்க.

சாய்தளத்துக்கு கணக்கு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதாவது ஒரு படி அரை அடி உயரம்னா சாய்தளம் 6 அடி நீளம் இருக்கணும். இது கவர்மென்ட் கட்டடத்துக்கு வச்சிருக்குற அளவு. நெஜத்துல பாதி எடத்துல 3 அடி பலகைய சாத்தி வச்சிட்டு ராம்ப் இருக்குன்னு போர்டு மாட்டிடுவாங்க, அதுல நம்மளா ஏறுனா பின்னாடி மல்லாந்துக்குவோம். போன்ல விசாரிக்கிறப்ப "ராம்ப் இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்வாங்க. "வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் எத்தன படி"ன்னு கேளுங்க, அப்பதான் அந்தாளு தலையத் திருப்பிப் பாப்பாரு.

பைல வைக்க வேண்டியது: காத்தடிக்கிற டயர்னா சின்ன பம்பு, சேருக்கு ஏத்த அல்லன் கீ, ஒரு பழைய துணி, கையுறை (வெயில்ல ரிம்மு கொதிக்கும்), தார்ப்பாய் துண்டு ஒண்ணு. அப்புறம் டிரான்ஸ்ஃபர் போர்டு. கடைல வாங்கணும்னு இல்ல, ஆசாரிகிட்ட சொல்லி ரெண்டேகால் அடி நீளம், முக்கால் அடி அகலத்துல பிளைவுட் வெட்டி, ஓரத்த நல்லா இழைச்சு வார்னிஷ் அடிச்சு வச்சுக்கங்க. சேருக்கும் கார் சீட்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி போட்டு வழுக்கிட்டே போயிடலாம், ரெண்டு பேரு அக்குள்ல கை போட்டு தூக்குற வேலையே வேணாம்.

கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை போடுங்க. நாங்க கே.ஆர்.பி. டேமுக்குப் போனோம், அவதானப்பட்டி ஏரி பார்க்கும் பரவால்ல. ஒரு மூணு மணி நேரம் வீட்டுக்கு வெளிய இருந்து பாருங்க, அவ்ளோதான். எவ்ளோ நேரத்துல முதுகு வலிக்குது, எப்ப பாத்ரூம் வருது, தள்ளுறவங்களுக்கு எப்ப மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சிடும். டேம்ல எம் மச்சினன் ஒரு சரிவுல என்ன முன்னாடி பாத்த மாதிரியே எறக்கி, நான் தோட்டத்து வரப்புல வுழுற கணக்கா முன்னாடி சரிஞ்சு, "மாமா புடிங்க மாமா"ன்னு அவன் கத்த, ஒரே கூத்து. அன்னைக்கு கத்துக்கிட்டது: எறக்கத்துல சேர எப்பவும் திருப்பி, நம்ம முதுகு எறக்கத்தப் பாத்த மாதிரி, பின்பக்கமா எறக்கணும். தூக்குறப்ப கழண்டு வர்ற கைப்பிடியயும் கால் ப்ளேட்டயும் புடிக்கக் கூடாது, ஃப்ரேமத்தான் புடிக்கணும். இத கூட வர்றவங்களுக்கு மட்டும் இல்ல, வழில உதவிக்கு வர்ற ஆளுங்களுக்கும் நம்மதான் வாயத் தொறந்து சொல்லணும், கூச்சப்பட்டா நம்ம பல்லுதான் போகும்.

ஹொகேனக்கல்ல ஒத்திகை பாக்கலாமான்னு தர்மபுரிக்காரர் ஒருத்தர் கேட்டாரு. வேணாம். ஈரப் பாறை, படி, எண்ணெ. அது வேற படிப்பு.

எப்படிப் போறது

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும் (ஒரு காலத்துல திருப்பத்தூர்ல இருந்து சின்ன ரயில் வந்துச்சு, அப்புறம் மூடிட்டாங்க, எங்க தாத்தா அதப் பத்தி பேசாத நாள் இல்ல). அதனால நம்மளுக்கு ரோடுதான், என்ஹெச் 44ல ஓசூரு ஒரு 50 கிலோமீட்டர், பெங்களூரு ஒரு 90. வெளியூர் பஸ்ல படி உயரம், கதவு சின்னது, ரெண்டு பேரு தூக்கித்தான் ஏத்தணும். டவுன் பஸ்ல 2021ல இருந்து நமக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல, நல்லதுதான், ஆனா ஏற முடிஞ்சாத்தான அந்த இலவசம். நான் பஸ்ஸ சிபாரிசு பண்ண மாட்டேன். சைடு வீல் வண்டி வச்சிருக்குறவங்க அதுலயே ஓசூர் தாண்டிப் போறாங்க, லாரிக்கு நடுவுல. அதயும் சொல்ல மாட்டேன்.

கார்ல போறவங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து ஒரு பெரிய சவுகரியம் வந்திருக்கு. அந்த மாசம் மெட்ரோ மஞ்சள் லைன் தொறந்தாங்க, பொம்மசந்திரால இருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும், 19 கிலோமீட்டர் சொச்சம், 16 ஸ்டேஷன். பொம்மசந்திரா எங்க இருக்கு? ஓசூர் ரோட்டுலயே, அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு முன்னாடி. அதாவது பெங்களூரு டிராஃபிக்ல மாட்டுறதுக்கு முன்னாடியே எறங்கி லிஃப்ட்ல ஏறிடலாம். சில்க் போர்டு சிக்னல்ல ஒண்ணர மணி நேரம் நின்னு, அங்கயே யூரின் பேக் நெறஞ்சு, நான் பட்ட பாடு இனி யாருக்கும் வேணாம். வாடகக் கார்னா இன்னொரு விஷயம், கர்நாடகா பார்டர் தாண்டுனா பர்மிட் வரி கட்டணும், அது யாரு தலைல விழும்னு டிரைவர்கிட்ட கெளம்புறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. ஓசூர் வரைக்கும் நம்ம ஊரு வண்டி, அங்க இருந்து வேற வண்டின்னும் சில பேர் போறாங்க, ரெண்டு தடவ ஏறி எறங்கணும், எனக்கு ஒத்து வரல.

தர்மபுரிக்காரங்களுக்கு ரயில் இருக்கு. எர்ணாகுளம் இன்டர்சிட்டி தர்மபுரி, ஓசூர் வழியாத்தான் பெங்களூரு போகுது. இந்த மாதிரி ரயில்ல கடைசிலயோ முன்னாடியோ, கொடி காட்டுற கார்டு இருக்குற பெட்டியோட ஒட்டி மாற்றுத்திறனாளி பெட்டி இருக்கும், கதவு அகலம், பாத்ரூமும் பெருசு. அது எந்தப் பக்கம் நிக்கும்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட முன்னாடியே கேட்டு, அந்தப் பக்கமே போயி நில்லுங்க, ரயில் வந்தப்புறம் பிளாட்பார நீளத்துக்கு ஓட முடியாது. கோயம்புத்தூர் பெங்களூரு வந்தே பாரத்தும் தர்மபுரில, ஓசூர்ல நிக்குது, அதுல ரெண்டு முனைப் பெட்டிலயும் வீல்சேர் நிறுத்த எடம் இருக்கு. சக்கர நாற்காலி உதவி வேணும்னா 139க்கு அடிங்க. நிக்கிற நேரம் கம்மி, அதனால மொதல்ல நம்மள ஏத்தணும், பைய அப்புறம். எங்க மாப்ள ஒரு தடவ பைய ஏத்திட்டு என்ன விட்டுட்டுப் போகப் பாத்தான்.

மெட்ரோக்குள்ள

பயப்படாதீங்க, இந்தப் பயணத்துலயே சுலபமான பகுதி இதுதான். ரோட்டு மட்டத்துல இருந்து லிஃப்ட்டு டிக்கெட் கவுண்டர் வரைக்கும், அங்க இருந்து இன்னொரு லிஃப்ட்டு பிளாட்பாரத்துக்கு. எல்லா வாசல்லயும் லிஃப்ட் இருக்காது, வீல்சேர் படம் போட்ட வாசல் எதுன்னு பாத்து கார அங்க நிறுத்தச் சொல்லுங்க. டிக்கெட் கேட்ல ஒண்ணு மட்டும் அகலமா இருக்கும், அதுல போலாம். கவுண்டர்ல சொன்னா ஒரு ஆள் கூட வந்து ஏத்தி விடுவாரு, எறங்குற ஸ்டேஷனுக்கும் தகவல் சொல்லிடுவாரு, இத கேட்டாத்தான் பண்ணுவாங்க, அதனால கேளுங்க. பெட்டிக்குள்ள வீல்சேர் எடம் மார்க் பண்ணி வச்சிருப்பாங்க, அங்க போயி ரெண்டு பக்கமும் பிரேக் போட்டு, கம்பியப் புடிச்சுக்கங்க. ஏறுறப்ப பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல முன் சின்ன சக்கரம் மாட்டும், அதனால முன் சக்கரத்த லேசா தூக்கியோ, இல்ல பின்பக்கமாவோ ஏறுங்க. மெட்ரோல நம்மளுக்கு டிக்கெட் உண்டு. 2025 பிப்ரவரில ஏத்துன கட்டணத்துல, தூரத்துக்கு ஏத்த மாதிரி, அதிகபட்சம் 90 ரூபா.

ஆர்.வி. ரோட்டுல எறங்கி பச்சை லைனுக்கு மாறணும், அங்கயும் லிஃப்ட்டுதான், பத்து நிமிஷம் சேத்து வச்சுக்கங்க. பச்சைல ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அதுக்கு அடுத்தது லால்பாக். காலைல 8லருந்து 10 வரைக்கும், சாயங்காலம் 5க்கு மேல மெட்ரோ பக்கமே போகாதீங்க, ஐடி ஜனம் நம்ம மடில உக்காந்துக்கும்.

ரெவ்யூக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணு, இதே மஞ்சள் லைன்ல ஜெயதேவா ஆஸ்பத்திரின்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு.

லால்பாக்

மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்குறது மேற்கு கேட்டு. காலைல 6லருந்து 9 வரைக்கும் நடக்குறவங்களுக்காக டிக்கெட் இல்லாம விடுவாங்க, அந்த நேரத்துக்கு நம்ம ஊர்ல இருந்து போறது கஷ்டம், அதனால கவுண்டர்ல யூடிஐடிய காட்டுங்க, மாற்றுத்திறனாளிக்கு நுழைவு இலவசம். கூட வர்றவங்களுக்கு டிக்கெட் எடுத்துக்கங்க.

240 ஏக்கரு. எல்லாத்தயும் பாக்கணும்னு நெனைக்காதீங்க. கேட்டுல இருந்து கண்ணாடி மாளிகை வரைக்கும் தார் ரோடு, அகலமா, நெழலா இருக்கு, சேரு அப்படியே ஓடும். கண்ணாடி மாளிகை 1889ல கட்டுனது, சுத்தி சமதளமா இருக்கு, ஒரு ரவுண்டு போயிட்டு ஒரு பெரிய மரத்துக்கு அடில நிறுத்திக்கங்க. எனக்கு மாளிகைய விட மரம்தான் புடிச்சது. அண்ணாந்து பாத்தா சீலிங் இல்லாம எலையா இருந்துச்சு, பத்து நிமிஷம் அப்படியே தலைய சாச்சிட்டு இருந்தேன், எம் பொண்டாட்டி மயக்கமான்னு பயந்துட்டா.

உள்ள ஒரு பெரிய பாறை இருக்கு, மேல கெம்பேகவுடா கட்டுன மண்டபம். 300 கோடி வருஷப் பழைய பாறைன்னு போர்டு இருக்கு. சேர்ல ஏற முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க, கீழ இருந்தே பாத்தா போதும், நம்ம சையத் பாஷா மலைய அண்ணாந்து பாத்து வளந்தவங்களுக்கு அது ஒரு குண்டு. ஆனா ஒரு ஒறவு இருக்கு: இந்தத் தோட்டத்த 1760ல ஆரம்பிச்சது ஹைதர் அலி, வளத்தது திப்பு. நம்ம கிருஷ்ணகிரி கோட்டையும் அவங்க கைலதான் இருந்துச்சு, 1792 ஒப்பந்தத்துலதான் பாராமகாலோட (நம்ம பக்கத்துச் சீமைக்கு அப்ப இருந்த பேரு) சேந்து வெள்ளக்காரன்கிட்ட போச்சு. அந்தக் கோட்டைக்கு நம்மளால ஏற முடியாது, அவங்க தோட்டத்துலயாவது உருண்டுட்டு வருவோம்.

போகக் கூடாத நாள், குடியரசு தினம், சுதந்திர தினம் ஒட்டி நடக்குற மலர் கண்காட்சி. பூ பாக்கலாம்னு ஆசையா போனா, நம்ம கண்ணு ஒயரத்துக்கு தெரியிறது அடுத்தவங்க இடுப்பு மட்டும்தான். மே மாசத்துல மாம்பழ மேளாவும் போடுவாங்க, மாங்கா ஊருல இருந்து போயி அங்க மாம்பழம் வாங்கிட்டு வந்தீங்கன்னா வீட்ல சேத்துக்க மாட்டாங்க.

மத்தியானம் கப்பன் பார்க்

லால்பாக் ஸ்டேஷன்ல ஏறி மெஜஸ்டிக்ல எறங்கி, ஊதா லைன் மாறி கப்பன் பார்க் ஸ்டேஷன். மெஜஸ்டிக் பெருசு, கூட்டம், லிஃப்ட்டுக்கு வரிசை நிக்கும், வயசானவங்களும் கொழந்தைங்களும்தான் நிப்பாங்கன்னு பாத்தா காலேஜ் பசங்களும் நிப்பாங்க. "சொல்ப ஜாக பிடி"ன்னு சத்தமா சொல்லுங்க, கொஞ்சம் எடம் விடுங்கன்னு அர்த்தம். ஓசூர்க்காரங்களுக்கு நான் கன்னடம் சொல்லித்தர வேணாம், மத்தவங்களுக்கு இன்னும் மூணு: "லிஃப்ட் எல்லிதே" லிஃப்ட் எங்க, "நிதானா" மெதுவா, "சொல்ப சகாய மாடி" கொஞ்சம் உதவி பண்ணுங்க. இந்த நாலு வச்சே ஒரு நாள ஓட்டிடலாம், தமிழ்லயே பேசுனாலும் பாதிப் பேருக்குப் புரியும்.

கப்பன் பார்க்குல யாருக்குமே டிக்கெட் கிடையாது. 1870ல போட்ட பார்க்கு, கிட்டத்தட்ட 300 ஏக்கரு. ஞாயித்துக்கெழம போங்க, அன்னைக்கு உள்ள வண்டி விட மாட்டாங்க, அதனால நடைபாதையத் தேடவே வேணாம், நடு ரோடே நம்மளுது. வாழ்க்கைல மொத தடவ ஒரு பெரிய ஊரு ரோட்டு நடுவுல நானே ரிம்ம தள்ளிட்டு, பின்னாடி யாரும் ஹாரன் அடிக்காம போனேன். நடைபாதைல ஏறுனீங்கன்னா மர வேர் தூக்கி கல்லெல்லாம் பேந்திருக்கும், வேணாம். செகப்பு கலர்ல ஒரு அழகான லைப்ரரி, 1915ல கட்டுனது, அதத் தாண்டி ஹைகோர்ட்டும் செகப்பு, அதுக்கு எதிர்ல விதான சவுதா. 1956ல முடிச்ச கட்டடம், வெளிய ரோட்டோரத்துல இருந்து பாத்தாலே மொத்தமும் தெரியும், போட்டோவும் அங்க இருந்துதான் நல்லா வரும்.

தெம்பு மிச்சம் இருந்தா பக்கத்து ஸ்டேஷன் எம்.ஜி. ரோடு, சர்ச் ஸ்ட்ரீட்னு எல்லாரும் சொல்வாங்க. போயி பாத்தேன். கல்லு பதிச்ச ரோடு, பாக்க அழகு, சேர்ல போனா பல்லு ஆடுது, காலு துடிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்பாசம் (தசை இழுப்பு) வர்றவங்க விட்டுடுங்க.

இந்தப் பார்க்குலதான் ஒரு பெரியம்மா வந்து, ஒண்ணும் பேசாம என் கைல 10 ரூபாய வச்சிட்டு நெத்தியத் தொட்டு கும்பிட்டுட்டுப் போச்சு. நான் பிச்சை எடுக்கலம்மான்னு சொல்றதுக்குள்ள அது போயிடுச்சு. கோவம் வந்துச்சு, அப்புறம் எம் மச்சினன் "மாமா, கடலை வாங்கலாம்"னான். வாங்கித் தின்னோம். உங்களுக்கும் நடக்கும், முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க.

பாத்ரூமும் ஒடம்பும்

இதுதான் பல பேரு வெளிய வராததுக்கே காரணம், ஆனா யாரும் எழுத மாட்டாங்க. மொத தப்பு, பாத்ரூம் பிரச்சனைன்னு முந்தின நாள்ல இருந்தே தண்ணி குடிக்காம இருக்குறது. நானும் அதப் பண்ணேன், மூணாவது நாள் குளிர் ஜொரம், யூரின் இன்ஃபெக்ஷன், மறுபடி அதே ஆஸ்பத்திரி. தண்ணி குடிங்க. கதீட்டர் (மூத்திரம் எடுக்குற குழாய்) போடுறவங்க வீட்ல எத்தன மணிக்கு ஒரு தடவ போடுறீங்களோ அதே டைம அன்னைக்கும் விடாதீங்க, அந்த நேரத்துல எங்க இருக்கப் போறீங்கன்னு பாத்து பிளான் போடுங்க. பேக் வச்சிருக்குறவங்க முக்கா பாகம் நெறையறதுக்குள்ள காலி பண்ணிடுங்க, மூடியோட ஒரு பழைய ரெண்டு லிட்டர் பாட்டில் கார்ல இருக்கட்டும்.

நம்பி போற பாத்ரூம் எதுன்னா, மெட்ரோ ஸ்டேஷன்ல இருக்குறது, பெரிய மால்ல இருக்குறது, பெரிய ஆஸ்பத்திரில இருக்குறது. மாலுக்குள்ள போக காசு இல்ல, ஒண்ணும் வாங்கவும் வேணாம். பார்க்குல இருக்குறத நம்பாதீங்க. மெட்ரோலயும் சில நேரம் வீல்சேர் பாத்ரூம் பூட்டி சாவி ஸ்டாஃப்கிட்ட இருக்கும், அவசரம் வந்தப்புறம் சாவி தேடாதீங்க, ஸ்டேஷன்ல எறங்குன ஒடனே, வந்தாலும் வரலன்னாலும், ஒரு தடவ போயிட்டு வந்துடுங்க. கதவத் தொறந்து உள்ள போனா தொடப்பமும் பக்கெட்டும் அடுக்கி வச்சிருப்பாங்க, அத எடுக்கச் சொல்ல தயங்காதீங்க.

அடுத்தது புண்ணு. சேர்லயே எட்டு மணி நேரம்னா பின்பக்கம் காலி. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு கையயும் ஊனி ஒடம்பத் தூக்குங்க, அர நிமிஷமாவது. கை பலம் இல்லாதவங்க முன்னாடி குனியறது, ஒவ்வொரு பக்கமா சாயறதுன்னு பண்ணலாம். போன்ல அலாரம் வச்சிடுங்க, ஊரு பாக்குற சுவாரசியத்துல மறந்துடும். மத்தியானம் லால்பாக்லயே அந்த தார்ப்பாய புல்லுல விரிச்சு ஒரு மணி நேரம் குப்புற இல்ல ஒருக்களிச்சு படுத்துடுங்க, புளிசோறு அங்கயே. கார் சீட்லயும் குஷன் போட்டுக்கங்க, சேர்ல இருந்து எடுத்து போட மறந்துடுவாங்க.

கடல் பாக்கணும்னா

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் கடல் இல்ல. மணல்ல சேரு பொதையும்ங்கிறதால கடற்கரைக்குப் போயும் ரோட்டோரத்துல இருந்தே அலையப் பாத்துட்டு திரும்புனவங்கதான் நம்மள்ல அதிகம். சென்னை மெரினாவுல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னே மரப்பாதை போட்டிருக்காங்க, 2022 நவம்பர்ல தொறந்தது, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி. தொறந்த அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல ஒடஞ்சு, மறுபடி சரி பண்ணாங்க. டிக்கெட் இல்ல. மணலுக்கு மேலயே போயி கடலுக்குக் கிட்டக்க நிக்கலாம், அலைச் சத்தம் நெஞ்சுல மோதும்.

மொரப்பூர்லயோ ஜோலார்பேட்டைலயோ ரயில் ஏறுனா சென்ட்ரல், அங்க இருந்து மெட்ரோல ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம், அதுக்கப்புறம் ஆட்டோ. காலைல போங்க. சாயங்காலம் அந்தப் பாதைல செல்ஃபி எடுக்குற கூட்டம் நிக்கும், நம்மளுக்குப் போட்ட பாதைல நம்மளே வழி கேட்டு நிக்கணும். ஒரே நாள்ல போயிட்டு வர்றது ஒடம்புக்கு ஆகாது, ராத்திரி தங்கல்னா ரூம் புக் பண்றப்ப பாத்ரூம் கதவு எத்தன இஞ்ச்சுன்னு கேட்டு, அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க. ரூம் கதவ அளந்து அனுப்புவாங்க. பாத்ரூம் கதவுன்னு ரெண்டு தடவ சொல்லுங்க.

திரும்பி வர்றப்ப

பெங்களூர்ல இருந்து நாலு மணிக்கே மெட்ரோ ஏறிடுங்க, பொம்மசந்திரால அஞ்சரைக்கு கார்ல உக்காந்துட்டா எட்டு மணிக்குள்ள கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு வந்துடலாம். வழில டீக்கு எறங்காதீங்க, கார்லயே வாங்கிக் குடிங்க, இன்னொரு ஏத்தம் எறக்கம் வேணாம்.

வீட்டுக்கு வந்ததும் எவ்ளோ அசதியா இருந்தாலும் ஒரு வேல பாக்கி இருக்கு. கட்டில்ல படுத்து, கண்ணாடி வச்சோ வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லியோ, பின்பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் மூணையும் பாருங்க. செவப்பா இருந்தா விரல வச்சு அழுத்திட்டு எடுங்க. அரை மணி நேரத்துல செவப்பு மறஞ்சா பிரச்சன இல்ல. மறையலன்னா அது போற வரைக்கும் சேர்ல உக்காரவே கூடாது, படுக்கைதான், மூணாவது நாளும் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. சேர வாசல்லயே நிறுத்தி முன் சின்ன சக்கரத்துல சுத்தியிருக்குற முடி, நூலு, லால்பாக் புல்லு எல்லாத்தயும் பழைய பல்லு தேய்க்கிற பிரஷ் வச்சு எடுத்துட்டு உள்ள கொண்டு வாங்க.